மெதுவாக நடந்தால்தான் அந்தக் கால் தரைக்கு வரும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் மேலூர் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் மூன்று வயதில் ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. பெயர் செவலை, எடை 18 கிலோ. ஏழு வாரத்துக்கு முன்னால் நாலுவழிச் சாலையில் பைக் மோதி வலது பின்னங்காலில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுவந்து ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தோம். போன வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி நடக்க விடுங்கள் என்றார்கள். ஆனால் அது காலைத் தரையில் வைப்பதே இல்லை. மூன்று காலிலேயே நன்றாக ஓடுகிறது. தொடை சூம்பிக் கிடக்கிறது. மகன் தினமும் காலையில் சைக்கிளில் போய்க்கொண்டே கயிற்றைப் பிடித்து ஓட வைக்கிறான், அப்படியும் வைக்கவில்லை. நாய்க்கும் பிசியோதெரபி உண்டு, பெரிய ஊர்களில் தண்ணீருக்குள் நடக்க வைக்கும் மிஷின் இருக்கிறது என்று தங்கச்சி சொல்கிறாள். வீட்டுக்காரர் சிரிக்கிறார். மாமனார், எண்ணெய் சுட வைத்துத் தேய்த்துக் கட்டுப்போடு, தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் விடு என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, மேலூர் வட்டம்

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த சைக்கிள்தான். அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் சிரிப்பது இருக்கட்டும். தை பிறக்கும் முன்னால் அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் போய்ப் பாருங்கள். காளையைக் கண்மாயில் நீச்சல் விடுவார்கள், விடியற்காலையில் நடத்திக் கூட்டிப்போவார்கள், மண்மேட்டில் கொம்பால் குத்த விடுவார்கள். கழுத்துக்கு ஒரு வேலை, தொடைக்கு ஒரு வேலை, மூச்சுக்கு ஒரு வேலை. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. நாய்க்கு நாங்கள் செய்வதும் கிட்டத்தட்ட அந்தச் சமாச்சாரம்தான். அங்கே பலத்தை ஏற்றுகிறார்கள், இங்கே தொலைத்த பலத்தைத் திரும்ப வாங்குகிறோம். அமெரிக்காவில் 2010-இல் கால்நடை மருத்துவத்துக்குள் இதைத் தனிச் சிறப்புப் பிரிவாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே பிசியோதெரபி உண்டா என்றால், உண்டு. செவலைக்குத் தேவையா என்றால், கட்டாயம் தேவை. அதற்கு மேலூரை விட்டு வெளியே போக வேண்டுமா என்றால், அநேகமாக வேண்டாம்.

செவலை ஏன் காலை வைக்கவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நாய் நிற்கும்போது தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் வைத்திருக்கும். பின்னங்கால் இரண்டுக்கும் சேர்த்து 40. ஒரு பின்னங்காலுக்கு 20. உங்கள் 18 கிலோ நாய்க்கு அது மூன்றரை கிலோ சொச்சம். அவ்வளவு சுமையை மற்ற மூன்று கால்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஒல்லியான வேட்டை நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் இரண்டு வாரம் வலித்தது, தூக்கியது. பிறகு வலி குறைந்திருக்கும். ஆனால் அதற்குள் தூக்கிக்கொண்டு ஓடுவது பழகிப்போயிற்று. வேலை இல்லாத சதை சூம்பியது. சூம்பிய காலை ஊன்றினால் ஆட்டம் கொடுக்கும், ஆட்டம் கொடுப்பதால் மறுபடி தூக்கும். இந்தச் சுற்றை எங்காவது ஒரு இடத்தில் வெட்டியாக வேண்டும்.

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன். வேகமாக ஓடும்போது நாய்க்கு மூன்று கால் தாராளமாகப் போதும், தத்தித் தத்தித் தாவிவிடும். மெதுவாக நடக்கும்போது கதை வேறு. எடுத்து வைக்கிற கால் காற்றில் இருக்கும் நேரம் நீளும். நாலாவது காலையும் தூக்கிவைத்திருந்தால், அவ்வளவு நேரமும் மீதி இரண்டே காலில் நின்று சமாளிக்க வேண்டும். சமாளிக்க முடியாமல் நாலாவது காலை மெல்லக் கீழே தொடும். முதலில் விரல் நுனி, அப்புறம் பாதம். உங்கள் மகன் ஆசையாகத்தான் செய்கிறான். ஆனால் சைக்கிள் வேகத்தில் அவன் தினமும் செவலைக்கு மூன்று காலில் ஓடத்தான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

பயிற்சிக்கு முன்னால் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். வலது பின்னங்கால் நகங்களையும் இடது பின்னங்கால் நகங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூக்கியே வைத்திருக்கும் காலில் நகம் தேயாமல் நீண்டு வளைந்திருக்கும். அது எதிர்பார்த்ததுதான், வெட்டிவிட்டால் போதும். ஆனால் நகத்தின் மேல்பக்கம் தேய்ந்திருந்தாலோ, பாதத்தின் மேல்தோலில் சிராய்ப்பு இருந்தாலோ அது வேறு விஷயம். கால் மடங்கி இழுபடுகிறது என்று அர்த்தம், நரம்பைச் சோதிக்க வேண்டும். அடுத்து, செவலையை நிற்க வைத்து வயிற்றின் கீழ் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, வலது பாதத்தை மெல்லத் திருப்பி, மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு சரியாக இருந்தால் உடனே நேராக்கிக்கொள்ளும். அப்படியே மடிந்து கிடந்தால் பயிற்சி வேண்டாம், முதலில் டாக்டர். மூன்றாவது, முழங்கால் மடங்குகிறதா என்று பாருங்கள். இடது முழங்கால் எவ்வளவு மடங்குகிறதோ அதில் பாதியாவது வலதும் மடங்க வேண்டும். கம்பு மாதிரி நீட்டிக்கொண்டு மடங்கவே மறுத்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த மூன்றாவது விஷயத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் ஐந்து மாதக் குட்டி ஒன்றுக்குத் தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் செய்ய வசதி இல்லை என்று நானே முழங்காலை நீட்டியபடி வைத்து வரிச்சல் கட்டினேன். கட்டிப்போட்டு வையுங்கள், அசைய விடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பினேன். அவர்கள் சொன்னபடியே செய்தார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு ஒட்டியிருந்தது. ஆனால் தொடையின் முன்சதை எலும்போடு ஒட்டி இறுகி, முழங்கால் மடங்கவே இல்லை. வளரும் குட்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். வந்துவிட்டால் திருப்புவது மிகவும் கஷ்டம். அந்த நாய் கடைசிவரை ஒரு காலைத் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டு நடந்தது. தப்பு என்னுடையதுதான். அதற்கப்புறம் எலும்பு கூடினால் என் வேலை முடிந்தது என்று நான் நினைத்ததில்லை.

செவலைக்கு வருவோம். தையல்கடையில் இருக்குமே அளவு நாடா, அது ஒன்று வேண்டும். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்துத் தொடையின் நடுப்பகுதியில் சுற்றளவு எடுங்கள். இரண்டு காலுக்கும் ஒரே இடத்தில், ஒரே ஆள், ஒரே இறுக்கத்தில் எடுக்க வேண்டும். தினசரி காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். ஞாயிறுக்கு ஞாயிறு எடுத்தால் போதும். தினமும் அளந்து மனசை வருத்திக்கொள்ளாதீர்கள். சதை போவது சீக்கிரம், வருவது மெதுவாகத்தான்.

காலையில் கோரைப்பாயில் வலது கால் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு இதமாக இருந்தால்தான் அதற்கும் இதம். பத்து நிமிடம் தொடையில் போட்டு வையுங்கள். செங்கல்லைச் சுட வைப்பது, உப்பு வறுத்துக் கட்டுவது இரண்டும் வேண்டாம். சிப்பிப்பாறைக்கு முடி குட்டை, தோல் மெல்லியது, சுலபமாக வெந்துபோகும். பிறகு உள்ளங்கையால் கீழிருந்து மேலாக ஐந்து நிமிடம் நீவிவிடுங்கள், வெறும் கையே போதும்.

அடுத்தது மடக்கி நீட்டுவது. இதைத்தான் நிறையப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். பாதத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு கை முழங்காலுக்கு மேலே தொடையைத் தாங்கட்டும், மறு கை முழங்காலுக்குக் கீழே பிடிக்கட்டும். மூச்சு விடுகிற வேகத்தில் மெல்ல மடக்குங்கள். ஒரு இடத்தில் செவலை தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கும், அல்லது உதட்டை நக்கும். அதுதான் எல்லை. உறுமும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, பத்து எண்ணும்வரை பிடித்துவிட்டு, மெல்ல நீட்டுங்கள். முழங்காலுக்குப் பத்துப் பதினைந்து தடவை, இடுப்பு மூட்டுக்கும் கணுக்காலுக்கும் அதே போல. ஒரு நாளைக்கு இரண்டு வேளை. முதல் நாள் எல்லை எங்கே இருந்தது, பத்தாம் நாள் எங்கே இருக்கிறது என்று உங்கள் கைக்கே தெரிந்துவிடும்.

பிறகு நிற்க வைத்து ஆட்டுவது. நான்கு காலிலும் நிற்க வையுங்கள், வலது பாதத்தை நீங்களே தரையில் பதித்து வையுங்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்து, தூளி ஆட்டுகிற மாதிரி இடம், வலம் என்று லேசாகத் தள்ளுங்கள். எடை வலது காலுக்குப் போய் வரும். ஒரு வாரம் கழித்து, இடது பின்னங்காலை ஐந்து எண்ணும் நேரம் மட்டும் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். தடுமாறினால் வயிற்றுக்குக் கீழே பழைய வேட்டியைப் போட்டுத் தாங்கிக்கொள்ளுங்கள். ஆண் நாயாக இருந்தால் வேட்டி மூத்திரம் போகிற இடத்தை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடைதான் இதில் முக்கால் பங்கு. கழுத்துச் சங்கிலி வேண்டாம். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுங்கலாக இருப்பதால் கழுத்துப்பட்டை சட்டென்று உருவிக்கொள்ளும். நெஞ்சுப்பட்டை வாங்குங்கள், கயிறு இரண்டு முழத்துக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. வாராவாரம் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். வேகம் எவ்வளவு என்றால், சப்பரத்துக்குப் பின்னால் நடக்கிற வேகம். செவலை இழுத்தால் நின்றுவிடுங்கள். விரல் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள். மறுநாள் காலையில் நொண்டுவது அதிகமாகத் தெரிந்தால் முந்தின நாள் அளவு கூடிப்போயிற்று என்று பொருள். பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் முன்னாலோ, சாய்ந்து நேரமான பிறகோ போங்கள். தார்ச் சாலையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் அது பாதத்துக்கும் ஆகாது.

இரண்டு வாரத்தில் பாதம் பதிய ஆரம்பித்தால், களத்தில் ஐந்தாறு மூங்கில் கம்புகளை ஏணிப்படி மாதிரி குறுக்காகப் போடுங்கள். கம்புக்குக் கம்பு செவலையின் உடம்பு நீளம் இடைவெளி. அதன் மேல் மெதுவாக நடத்தினால் ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கும். இடிக்காமல் தாண்டப் பழகியதும் கம்புகளைச் செங்கல் மேல் தூக்கி வைக்கலாம். அதற்கும் பிறகு கண்மாய்க் கரை. ஏற்றத்தில் நடக்கும்போது எடை பின்னங்காலுக்குப் போகும். உழுத மண்ணும் நல்லதுதான். உட்கார்ந்து எழும் பயிற்சியும் உண்டு, ஆனால் இந்த இன நாய்கள் சாதாரணமாகவே குத்தவைத்து உட்காரப் பிரியப்படாது. வற்புறுத்த வேண்டாம்.

நல்ல காலின் அடியில் பாட்டில் மூடியை ஒட்டிவிட்டால் உறுத்தலுக்குப் பயந்து கெட்ட காலை ஊன்றும் என்று ஒரு தந்திரம் உண்டு. வேலை செய்யும்தான். எனக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. ஒட்டியவர்கள் எடுக்க மறந்துபோய், நல்ல காலும் புண்ணாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாமனார் சொன்ன எண்ணெயைப் பற்றி. நல்லெண்ணெய் தேய்த்தால் கெடுதல் ஒன்றுமில்லை, நக்கித் தீர்த்துவிடும், அவ்வளவுதான். கற்பூரம் கலந்ததும், கடையில் விற்கிற வலித் தைலமும் கூடவே கூடாது. நக்கினால் விஷம். அதே மாதிரி நம் வீட்டு வலி மாத்திரைகளும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் இரண்டும் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கி, கிட்னியைக் கெடுக்கும். வலி இருக்கிறது என்று தோன்றினால் நாய்க்கென்று உள்ள மருந்தை டாக்டர்தான் எடை பார்த்துத் தர வேண்டும். இறுக்கிக் கட்டுப்போடுவதைப் பற்றி மேலே என் கதையைச் சொல்லிவிட்டேன்.

கிணறு வேண்டாம். பயந்துபோன நாய் முன்னங்காலால்தான் அடித்து நீந்தும், பின்னங்கால் பாதி நேரம் சும்மா தொங்கும். ஏறி வரும்போது படியில் வழுக்கினால் பிளேட் வைத்த காலில்தான் முதலில் அடிபடும். காளைக்கு நீச்சல் சரி, அதற்கு முறிந்த கால் இல்லை.

தண்ணீர் மிஷின் நல்ல சாதனம்தான், நான் குறைசொல்லவில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் ஓடுகிற பட்டை, அதில் வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீர் கணுக்கால் அளவு இருந்தால் கால்கள் சுமப்பது உடல் எடையில் 91 சதவீதம், முழங்கால் அளவு இருந்தால் 85, இடுப்பு அளவு ஏறினால் வெறும் 38. முதுகுத்தண்டு பாதித்து இரண்டு பின்னங்காலும் விழுந்துபோன டாஷ்ஹண்டுக்கும், நாற்பது கிலோ தாண்டிய லாப்ரடாருக்கும் அது வரப்பிரசாதம். செவலைக்கு இருப்பது ஒரே ஒரு கால் பிரச்சினை, உடம்பும் இலேசு. அதை வண்டியில் ஏற்றி வாரம் இரண்டு தடவை அலைக்கழிப்பதைவிட, வயல் வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீர் மெதுவாக ஓடும் இடமாகப் பார்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடத்துங்கள். எடை அவ்வளவாகக் குறையாது, ஆனால் தண்ணீரிலிருந்து காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். அதுவே நல்ல வேலை. பெரியாறு கால்வாயில் இறக்காதீர்கள், இழுப்பு ஜாஸ்தி.

வீட்டில் டைல்ஸ் போட்டிருந்தால், செவலை நடமாடும் பாதையில் சாக்கை விரித்து, ஓரத்தை எதையாவது வைத்து அழுத்திவிடுங்கள். இரண்டு தடவை வழுக்கினால் பத்து நாள் பயிற்சி வீண். சாப்பாட்டில் முட்டையோ கோழிக்கறியோ தினமும் இருக்கட்டும். வெறும் தயிர்சோற்றில் சதை பிடிக்காது. ஆட்டுக்கால் சூப் வைத்தால் நீங்களே குடியுங்கள், கூடிவிட்ட எலும்புக்கு அது இனி ஒன்றும் செய்யப்போவதில்லை. விலா எலும்பு தெரிகிறதே என்று பார்த்துப் பார்த்துப் போடாதீர்கள். சிப்பிப்பாறைக்கு விலா தெரிவதுதான் அழகு.

தொடை திடீரென்று வீங்கினாலும், தொட்டால் சுட்டாலும், தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலும், ஊன்ற ஆரம்பித்த கால் ஒரு நாள் திரும்பவும் மேலே போனாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். ஸ்குரூ தளர்ந்திருக்கலாம், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அதற்குப் பயிற்சி மருந்தாகாது. மூன்று வாரம் நான் சொன்னபடி செய்தும் விரல்நுனிகூடத் தொடவில்லை என்றாலும் இன்னொரு எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எல்லாம் நல்லபடியாகப் போனால் முதலில் நிற்கும்போது ஊன்றும், பிறகு மெதுநடையில், கடைசியாகத்தான் ஓட்டத்தில். ஓடும்போது இன்னும் தூக்குகிறதே என்று பதற வேண்டாம். ஆனால் முயல், பூனை எதைக் கண்டாலும் பாய்கிற இனம். இன்னும் மூன்று மாதத்துக்காவது கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

கடைசியாக, யார் நடத்துவது என்பது. மகன் வேண்டாம், அவனுக்குக் கால் நிற்காது. கம்புகளை அடுக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள். உங்கள் மாமனாருக்கு வயது எழுபதை ஒட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் காலையில் டீக்கடைவரை போகிற வேகம்தான் செவலைக்கு வேண்டிய வேகம். செவலை அவரை இழுத்துத் தள்ளாத நாயாக இருந்தால், நெஞ்சுப்பட்டையை மாட்டிக் கயிற்றை அவர் கையில் கொடுங்கள். வழியில் இரண்டு பேரிடம் நின்று பேசினாலும் பரவாயில்லை. நிற்கும்போதும் அந்தக் கால் தரையில்தானே இருக்க வேண்டும்.